துறைகள் கூடும் பட்டம்: பாடநெறி வகுத்தல் பற்றிச் சில எண்ணங்கள்

 

இப்பேருரையை நிகழ்த்தும்படி என்னைப் பணித்த பெரியோர், இக்கரையோரப் பிரதேசத்தின் கல்வியோடு தொடர்புடையதாக எப்பொருளையும் எடுத்துக்கொள்ளலாம் என்னும் சுதந்திரத்தையும் உடன் நல்கினர். கல்முனையிலே அறக்கட்டளைச் சொற்பொழிவு எனின் இலக்கியம் பற்றியோ சமய ஞானம் பற்றியோ பேசுவதே சம்பிரதாயம் என்பதை நான் அறிவேன். எனினும், பல துறைகள் ஒருங்கு சேரும் இளமாணிப் பட்டமொன்றுக்குப் பாடநெறியை எவ்வாறு வகுப்பது என்னும், மேலோட்டமாக நோக்குவோருக்கு நிருவாகக் காரியமாகவே தோன்றக்கூடிய விஷயத்தை நான் விரும்பித் தெரிந்துகொண்டேன். ஒரு பிள்ளையின் வாழ்விலே மிகவும் கூர்மையான நான்கு ஆண்டுகளை எந்தப் பாடத்துக்கு எத்தனை மணித்தியாலம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவ்வதிகாரத்தை நாம் பெரும்பாலும் பழைய அட்டவணையைப் பார்த்துப் புதிய அட்டவணை எழுதுவதிலேயே செலவிட்டுவிடுகிறோம் என்பது எனது நெடுநாட் கவலை.

இக்கரையிலே பல்கலைக்கழகம் என்ற பேச்சே அண்மைக்காலத்தது. யுத்தச் சூழ்நிலையிலே நம் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் சென்று கற்க இயலாது தவித்த காலத்தில், சம்மாந்துறையிற் பிறந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் இடையறாத முயற்சியால், 1995ஆம் ஆண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக் கட்டடங்களிலே தற்காலிகமாகத் தொடங்கிற்று. மறு ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாகி, பின்பு ஒலுவிலில் நிலைகொண்டது. கலை கலாசாரம், முகாமைத்துவம் வணிகம் என்னும் இரண்டு பீடங்களோடு தொடங்கிய அந்நிறுவனம் இன்று பிரயோக விஞ்ஞானம், இஸ்லாமியக் கற்கைகளும் அரபு மொழியும், பொறியியல், தொழினுட்பம் என விரிந்து நிற்கிறது. விரிந்தது பெருமைக்குரியதே. ஆயினும் பீடங்கள் பெருகப் பெருக, ஒரு பீடத்து மாணவன் இன்னொரு பீடத்து வகுப்பறைக்குள் கால்வைக்கும் சந்தர்ப்பம் அருகிவிட்டது. பிரயோக விஞ்ஞான பீடமோ சம்மாந்துறையில் இருக்கிறது. ஆகையால் பௌதிகம் கற்பவனும் சமூகவியல் கற்பவனும் ஒருவரையொருவர் காண்பது பெரும்பாலும் பஸ்ஸிலேதான்.

இப்பிரிவினை பல்கலைக்கழக வாயிலில் தொடங்குவதன்று. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, பதினாறு பதினேழு வயதிலேயே, கலை, வணிகம், உயிரியல், பௌதிக விஞ்ஞானம், தொழினுட்பம் என்னும் பிரிவுகளுள் ஒன்றுக்குள் பிள்ளை நுழைந்துவிடுகிறது. உயர்தரத்தில் மூன்றே பாடங்கள். அவற்றின் இஸட் புள்ளி. அதன்மேல் மாவட்ட ஒதுக்கீடு. அதன் முடிவாக ஒரு பீடம். “மகள் கெம்பஸ்ல ஆட்ஸ் செய்றா” என்று ஓர் உம்மா சொல்லும்போது, அந்தக் குரலில் மகிழ்ச்சியோடு ஒரு தயக்கமும் கலந்திருப்பதை இங்குள்ள எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கணிதத்தைப் பதினாறு வயதிலே விட்டுவந்த பிள்ளைக்கு இனி ஒருபோதும் எண்கள் வேண்டியிரா என்றும், தமிழை அவ்வயதிலே விட்டுப்போன பிள்ளைக்கு இனி மனிதரோடு பேசவேண்டிய அவசியமே நேராது என்றும் யார் முடிவு செய்தார்கள்?

நம் நாட்டில் இதற்கு ஒரு பரிகாரம் நெடுங்காலமாக உண்டு என்று சிலர் கூறுவர். பொதுப்பட்டத்தை அவர்கள் சுட்டுவர். 1942இல் ஸேர் ஐவர் ஜென்னிங்ஸ் அவர்களை உபவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய நாள் தொட்டு, ஒரே துறையில் ஆழ்ந்து செல்வோருக்குச் சிறப்புப் பட்டமும், பல பாடங்களை உடன் பயில்வோருக்குப் பொதுப்பட்டமும் என இருவழிகள் வகுக்கப்பட்டு வந்துள்ளன. ஆனாற் பொதுப்பட்டத்திலே புவியியல், பொருளியல், தமிழ் என்று மூன்று பாடங்களைப் பக்கத்திற் பக்கம் பயின்ற மாணவன், புவியியலில் அறிந்ததைக் கொண்டு பொருளியல் வினா ஒன்றுக்கு விடை காணுமாறு எந்தப் பரீட்சையிலும் கேட்கப்படுவதில்லை. மூன்று ஆசிரியர்கள், மூன்று குறிப்புப் புத்தகங்கள், மூன்று வினாத்தாள்கள். அவற்றைச் சேர்க்கும் வேலை, அது நிகழுமாயின், அப்பிள்ளையின் தனித்த மனத்திலே, யாருடைய துணையுமின்றி நிகழவேண்டியதாயிற்று. இதனைப் பல பாடப் பட்டம் எனலாம்; துறைகள் கூடும் பட்டம் என்று கூறுவதற்கில்லை.

துறைகள் கூடுவது எத்தகையது என்பதற்கு உதாரணம் தேடி நாம் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. கல்முனைக்குத் தெற்கே சிறிது தூரத்தில் உள்ள காரைதீவிலே 1892இல் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்பு மட்டக்களப்பு அர்ச் மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற மயில்வாகனம் என்னும் மாணவர், விபுலாநந்த அடிகளாக விளங்கிய சரித்திரத்தை இக்கரையின் பிள்ளைகள் பள்ளிப் பாடத்திலே படிக்கிறார்கள். ஆனால் அவர் எவற்றை, எந்த ஒழுங்கிலே கற்றார் என்பதைக் கூர்ந்து நோக்கியோர் சிலரே. கொழும்பிலே தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலே சித்தியெய்தினார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றிலே அவர் கற்பித்தது விஞ்ஞானம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தவரின் பல்கலைக்கழகப் பட்டம் விஞ்ஞானத்திலே பெற்றது என்பதை, ஆசிரிய நியமனத்திற்கு விண்ணப்பம் கோரும் நமது சபைகள் ஒரு கணம் சிந்தித்துப் பார்த்தல் நலம்.

அவர் எழுதிய யாழ் நூல், 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றப்பெற்றது. அது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே வரும் இசைச் செய்திகளை விளக்க எழுந்தது. அரங்கேற்று காதையையும் அதன் பழைய உரையையும் தமிழ்ப் புலவர் பலர் கற்றிருந்தனர். நரம்பின் நீளத்துக்கும் ஒலியின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைப் பௌதிகம் பயின்றோர் பலர் அறிந்திருந்தனர். இறுகக் கட்டிய நரம்பொன்றை மூன்றில் இரண்டு பங்கு நீளத்திலே அழுத்தி மீட்டினால் எழும் சுரத்தைப் பௌதிகவாதி மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தால் குறிப்பான். பழந்தமிழ்ப் புலவனோ குரலுக்கு இளி என்று கூறுவான். இவ்விருவரும் ஒரே ஒலியைத்தான் கேட்கிறார்கள் என்பதை உணர்ந்து, விகிதங்களைக் கணித்துப் பாலைகள் திரியும் முறையையும் பண்களின் இயல்பையும், மறைந்துபோன யாழ்க் கருவிகளின் அமைப்பையும் ஆராய்வதற்கு, இரண்டு மொழிகளையும் அடிவரை அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது. பாடலின் சொல்லைத் தவறாக வாசித்திருந்தால் கணக்குப் பயன்பட்டிராது. கணக்கிலே தவறியிருந்தால் உரைவிளக்கம் வெறும் அலங்காரமாய் முடிந்திருக்கும்.

இதிலிருந்து பாடநெறி வகுப்போர் அறியவேண்டிய செய்தி இரண்டு. முதலாவது, சேர்க்கை நிகழ்வதற்கு முன் ஆழம் இருத்தல் வேண்டும். அடிகளார் இரண்டு துறைகளிலும் பரீட்சை கொடுத்துத் தேறிய பின்பே இரண்டையும் சேர்த்தார். இரண்டாவது, அவரைச் சேரத் தூண்டியது ஒரு திட்டவட்டமான வினா. பல துறைகளை அறியவேண்டும் என்னும் பொதுவான ஆசையினால் யாழ் நூல் பிறக்கவில்லை. இஸ்லாமிய அறிவுச் சரித்திரத்திலும் இதுவே நிகழ்ந்தது. கணிதத்திலும் வானசாஸ்திரத்திலும் வல்லவரான அல்-பீரூனீ சமஸ்கிருதம் கற்றது, இந்தியரின் சாஸ்திரங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று அறியவேண்டியிருந்தமையாலேயே. இப்னு கல்தூன் சரித்திரத்தோடு பொருளியலையும் புவியியலையும் இணைத்தது, அரசுகள் ஏன் எழுந்து ஏன் வீழ்கின்றன என்னும் வினா அவரை விடாது பற்றியமையாலேயே.

ஆகவே, துறைகள் கூடும் பட்டமொன்றை நாம் ஒலுவிலில் வகுக்க முற்படின், பாடங்களின் பெயர்களை எழுதுமுன், எந்த வினாவுக்காக இது என்று கேட்டல் வேண்டும். அவ்வினா பல்கலைக்கழக வளவினின்றும் நடந்து செல்லும் தூரத்திலேயே கிடக்கிறது.

ஒலுவில் துறைமுகத்தைப் பற்றிக் கூறுகிறேன். டென்மார்க் தேசத்துக் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013இல் அது திறந்துவைக்கப்பட்டது. கிழக்குக் கரையிலே, ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், அலைகள் கரையோரமாக மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கின்றன. அந்த மணலோட்டத்துக்குக் குறுக்கே கல்லணை ஒன்று கடலினுள் நீண்டால், அணைக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே, வரவேண்டிய மணல் வராமையால், கரை அரியும். அவ்வாறே நிகழ்ந்தது. வடபால் இருந்த தென்னந்தோட்டங்களை அலை தின்றது; தோணிகளைக் கரையேற்றி வைக்கும் இடமும் கரைவலை இழுக்கும் இடமும் சுருங்கின; துறைமுகத்தின் வாயோ மணலால் தூர்ந்து படகுகள் புகவும் வெளியேறவும் தடையாயிற்று. இத்தனையும் முன்னறியப்படாத அதிசயம் என்று எவரும் எண்ணவேண்டாம். சென்னைத் துறைமுகத்தின் அணைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கட்டப்பட்ட பின்பு, தெற்கே மெரீனா மணற்பரப்பு அகன்றதும், வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் கொண்டதும் நூறாண்டுக்கு மேலாக எல்லோர் கண்முன்னும் இருந்த பாடம்.

இப்பிரச்சினையை ஒரு மாணவனிடம் ஒப்படைத்தால் அவன் எத்துறையைத் துணைக்கழைப்பான்? மணல் எவ்வளவு, எத்திசையில் நகர்கிறது என்பது பௌதிகமும் புவியியலும். இழந்த தென்னை ஒவ்வொன்றுக்கும், கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு நட்டம் என்பது பொருளியல். கரை யாருக்குச் சொந்தம், 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் யாருக்கு என்ன கடமையை விதிக்கிறது, உறுதியில்லாத காணிக்கு நட்டஈடு உண்டா என்பன சட்டம். கரைவலைச் சம்மாட்டியின் நட்டமும், அவ்வலையை இழுத்துப் பங்கு பெறுவோரின் நட்டமும் வேறு வேறானவை, அது சமூகவியல். கடலோரத்து முதியவர் ஒருவரிடம், நாற்பது ஆண்டுகளுக்கு முன் கரை எதுவரை இருந்தது என்று கேட்டு, அவர் சொல்லும் மரத்தையும் கிணற்றையும் அடையாளமாகக் கொண்டு பழைய கரையைப் படத்திலே குறிப்பதற்கு, அவருடைய பேச்சை மதித்துக் கேட்கும் தமிழறிவு வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விடை அரைகுறையாகிவிடும். துறைகளைச் சேர்க்கவேண்டும் என்று நாம் கட்டளையிட வேண்டியதில்லை. அந்தக் கரையே அதைக் கேட்கிறது.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும், ஏனெனில் அது நம் வீடுகளுக்குள் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதிச் சுனாமியில் அம்பாறையாகிய இம்மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் நிந்தவூரும் கொண்ட இழப்பை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதன்பின் கிழக்கிலே கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசாங்கம் அறிவித்தது. கடலோரமாகக் காணி குறைந்து வீடுகள் தோளோடு தோள் நிற்கும் நமது ஊர்களிலே, மேற்கே வயல், கிழக்கே கடல், இருநூறு மீற்றரை விட்டால் எஞ்சுவது என்ன என்பதை அந்த அளவுகோலை வரைந்தவர் அறிந்திருக்க நியாயமில்லை. அதனினும் நுட்பமான தவறு ஒன்று உண்டு. இக்கரையிலே, முஸ்லிம்களாயினும் தமிழராயினும், மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீடு மகளுக்கே எழுதப்படும். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேர்வார். உம்மாவின் வீட்டுக்குப் பக்கத்திலே மகளின் வீடு எழும். குடிமுறையோடு ஒட்டிய இவ்வழக்கத்தை மானுடவியலாளர் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளனர். ஆனாற் புனர்நிர்மாண வீடுகள் வழங்கப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்னும் நிருவாக வழக்கத்தைப் பின்பற்றிப் பல இடங்களில் உரிமைப் பத்திரம் ஆணின் பெயருக்கு எழுதப்பட்டது. பெண்ணுக்கு உரியதாயிருந்த வீடு கடலோடு போய், அதற்கீடாக வந்த வீடு இன்னொருவர் உடைமையாயிற்று. கட்டட வரைபடம் வரைந்த பொறியியலாளர் தம் வேலையைச் செய்தார். காணிச் சட்டம் அறிந்தவர் தம் வேலையைச் செய்தார். நம் ஊரிலே வீடு யாருடையது என்று ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையிலே இல்லை.

அத்தகைய ஒருவர் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கும் இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையிலே வாய்க்கால்கள் சிதைந்து, தலைமடைக்காரர் வேண்டியமட்டும் நீர் பெறக் கடைமடைக்காரரின் வயல் காய்ந்த காலத்தில், 1981 முதல், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் பட்டதாரிகளைக் கிராமங்களிலே தங்கவைத்தன. வாய்க்கால் திருத்தும் வேலையைப் பொறியியலாளர் செய்ய, ஒரே மதகிலிருந்து நீர் பெறும் கமக்காரரைச் சிறு சிறு குழுக்களாகக் கூட்டி, முறைவைத்து நீர் பாய்ச்சுவதையும் வாய்க்கால் துப்புரவு செய்வதையும் அவர்களே தீர்மானிக்கச் செய்யும் வேலையை அப்பட்டதாரிகள் செய்தனர். அத்திட்டத்தின் நீர்த்தேக்கமாகிய சேனாநாயக்க சமுத்திரத்திலே நீர் மிகக் குறைந்திருந்த அந்தச் சிறுபோகத்திலேயே, மேல்மடைச் சிங்கள விவசாயிகள் கீழ்மடைத் தமிழ் விவசாயிகளுக்கு நீரை விட்டுக்கொடுத்த நிகழ்ச்சிகளை, அத்திட்டத்திலே பங்குகொண்ட பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் 1992இல் வெளியிட்ட நூலிலே விரிவாக எழுதியிருக்கிறார். சீமெந்தும் மனித உறவும் ஒரே வாய்க்காலுக்கு வேண்டியவை என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களுள் ஒன்று நமது மாவட்டம். நமது பாடநெறியில் அது எங்கே இருக்கிறது?

இனி வகுக்கும் முறைக்கு வருகிறேன். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகள் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது மாணவனின் 50 மணித்தியால உழைப்பு. அதில் விரிவுரை 15 மணித்தியாலம். மிகுதி 35 மணித்தியாலம் வாசிப்பும் எழுத்தும் சிந்தனையும். ஆக நான்கு ஆண்டுகளில் நாம் 6,000 மணித்தியாலங்களுக்குப் பொறுப்பாளர்களாகிறோம். மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்திலே 45 மணித்தியாலத்தை மட்டும் நேரசூசியில் எழுதிவிட்டு, எஞ்சிய 105 மணித்தியாலத்தில் மாணவன் என்ன செய்வான் என்பதைப் பற்றி ஒரு வரிதானும் எழுதாத பாடத்திட்டம் மூன்றில் ஒரு பங்கு கூட வகுக்கப்படாத பாடத்திட்டமாகும். எந்த அத்தியாயத்தை எந்த வாரம் வாசிப்பது, எந்தக் கணக்கை எப்போது செய்து காட்டுவது, எந்த ஊருக்குப் போய் எதைக் கேட்டு வருவது என்று அந்த 105 மணித்தியாலத்தையும் எழுத்திலே காட்டுவதே வகுத்தலின் சாரம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த 120ஐ நான் இவ்வாறு பங்கிடுவேன்: முதன்மைத் துறைக்கு 48, இரண்டாந் துறைக்கு 24, கருவிகளுக்கு 20, கூடற் பாடங்களுக்கு 12, களவேலைக்கும் இறுதி ஆய்வுக்கும் 16. இவ்வெண்களிலே ஒன்றிரண்டை மாற்றுவோர் மாற்றுக; ஆனால் முதன்மைத் துறையின் பங்கைக் குறைக்க நான் ஒருப்படேன். இதிலே உணர்ச்சிக்கு இடமில்லாத ஒரு நியாயமும் உண்டு. நம் நாட்டிலே ஆசிரிய நியமனம் முதலாகப் பல உத்தியோகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, பட்டத்திலே இன்ன பாடம் கற்றிருக்க வேண்டும் என்று வர்த்தமானி அறிவித்தல் கேட்கிறது. அழகிய புதுப்பெயர் தாங்கிய பட்டமொன்றைக் கையிலே கொடுத்து, அந்தப் பெயர் எந்த நிரலிலும் இல்லையென்று ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அப்பிள்ளையை அலையவிடுவது பெரும் பாவம். பட்டச் சான்றிதழிலே முதன்மைத் துறையின் பெயர் தெளிவாக இருத்தல் வேண்டும்.

கருவிகள் என்று நான் குறிப்பவை: புள்ளிவிபரவியல், தேசப்படம் வாசித்தலும் வரைதலும், நேர்காணல் எடுத்துப் பதிவு செய்தல், ஆவணம் வாசித்தல், தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதுதல், இயலுமாயின் சிங்களத்திலே உரையாடுதல். இவை முதலாம் இரண்டாம் ஆண்டுகளிலே முடிந்துவிட வேண்டும். கலைப் பிரிவிலிருந்து வரும் பிள்ளை புள்ளிவிபரவியலைக் கண்டு அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தைப் போக்க எளிய புத்தகத்தை விட நல்ல எண்கள் பயன்படும். நிந்தவூரில் ஒரு போகத்து நெல் விளைச்சல், தன் ஊர்ச் சந்தையில் மீன் விலை ஏறியிறங்கிய கணக்கு, இவற்றைப் பிள்ளையே சேகரித்து வந்தால், சராசரியும் விலகலும் பரீட்சைக்காகப் பாடம் பண்ணும் சூத்திரங்களாக இரா.

கூடற் பாடங்களே இப்பட்டத்தின் உயிர்நிலை. மூன்றாம் ஆண்டிலே தொடங்கவேண்டிய இப்பாடங்களில் வெவ்வேறு துறையைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பறையிலே, ஒரே நேரத்தில் இருத்தல் வேண்டும். முதல் ஏழு வாரம் ஒருவர், பின் ஏழு வாரம் மற்றவர் என்று பங்கிட்டுக்கொள்வது இதற்குப் போதாது. அது இரண்டு அரைப் பாடங்களாகவே முடியும். ஆசிரியர் ஒருவர் கூறியதை மற்றவர் மறுப்பதையும், மறுத்தவர் பின்பு ஒரு படி இறங்கிவருவதையும் மாணவர் கண்ணாரக் காணவேண்டும். ஒரு துறையில் நிரூபணம் எனப்படுவது மற்றொரு துறையில் வெறும் சாட்சியமாகவே கொள்ளப்படும் என்பதை எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாக உணர்த்தாது. வினாத்தாளையும் இருவரும் சேர்ந்தே அமைத்து, இருவரும் சேர்ந்தே புள்ளியிடுக.

மருதமுனைத் தறியிலே, பாவு இறுக ஓடியபின்புதான் ஊடிழை செல்லும்; பாவு தளர்ந்திருக்க ஊடை மாத்திரம் பல வர்ணத்தில் ஓட்டினால் துணி வருவதில்லை. விருப்பத்துக்குரிய பாடங்களைப் பற்றி நான் கொண்டுள்ள ஐயம் இதுவே. மாணவனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று கூறி, எல்லாப் பீடங்களிலிருந்தும் நாற்பது ஐம்பது பாடங்களைப் பட்டியலிட்டு, விரும்பியதை எடுத்துக்கொள்க என்று விட்டுவிடும் முறை மேலைத்தேயங்களிலே பரவி, இன்று நம்மையும் வந்தடைந்துள்ளது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் பல்துறை நான்காண்டுப் பட்டத்தை வற்புறுத்துகிறது. நல்ல வழிகாட்டி இருப்பின் அது நன்மையே. ஆனால் வழிகாட்டி இல்லாத இடத்திலே, மாணவர் நேரசூசி மோதாத பாடத்தையும், புள்ளி தாராளமாக வழங்குவார் என்று பெயரெடுத்த ஆசிரியரின் பாடத்தையும் தேடிச் செல்வர். அது அவர்கள் குற்றமன்று. ஆகையால் முதலாம் ஆண்டின் முடிவிலே ஒவ்வொரு மாணவரும், தம் மதியுரைஞரோடு அமர்ந்து, தாம் எந்த வினாவைத் தொடரப்போகிறார் என்பதையும், அதற்கு இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் எவற்றைக் கற்கப்போகிறார் என்பதையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுதல் வேண்டும். வினா பின்னர் மாறலாம். மாறும்போது அத்தாளைத் திருத்தி எழுதுக. நான்காம் ஆண்டிலிருந்து பின்னோக்கி வகுப்பதே முறை. இறுதி ஆய்விலே கரையோர மணலை அளக்கவிருக்கும் மாணவி, எந்தக் கணிதத்தை எப்போது கற்றிருக்க வேண்டும் என்பது அவ்வாறு பின்னோக்கி வந்தாலன்றிப் புலப்படாது.

மாணவி என்று கூறியதில் ஒரு கருத்து உண்டு. கலைப் பீடத்திலே நம் பெண்பிள்ளைகளே பெரும்பான்மையினர். களவேலை என்றவுடன் வாப்பாமாரும் உம்மாமாரும் தயங்குகிறார்கள். அத்தயக்கத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது. களம் ஊருக்கு அருகிலேயே அமைந்து, நால்வர் ஐவர் கூடிச் சென்று, மாலைக்குள் திரும்பும்படி ஒழுங்கு செய்யப்பட்டால் எந்தக் குடும்பமும் மறுப்பதில்லை. மேலும், வீட்டின் உள்ளறையிலே, குசினியிலே, பிள்ளைத்தாய்ச்சிகளோடும் மூத்தம்மாமாரோடும் அமர்ந்து பேசி, சீதன வீட்டின் கதையையும் கடலோடு போன நகையின் கதையையும் கேட்டறியும் வாய்ப்பு அம்மாணவிகளுக்கே உண்டு. வினாக்கொத்தோடு வாசலிலே நிற்கும் ஆண் உத்தியோகத்தர் ஒருபோதும் பெறாத அறிவு அது. சுனாமிக்குப் பின் அம்மேசையிலே இல்லாதிருந்த ஆள், இன்று நம் வகுப்பறையின் முன்வரிசையிலே இருக்கிறாள்.

துறைகளைச் சேர்த்து நோக்கும் விஷயத்தில் கல்முனைக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. 1942இல் இங்கே உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், சரித்திரம் கற்ற பட்டதாரி. யுத்தகால உணவு உற்பத்திப் பொறுப்பைச் சுமந்து வந்தவர். வயல்களைப் பார்க்க வந்தவர் வயலோடு நின்றுவிடாது, விபுலாநந்த அடிகளாரோடு நட்புப் பூண்டு, இங்குள்ள பிள்ளைகளின் கல்விக்காகக் கல்முனையிலே ஒரு சங்கத்தையும் அமைத்தார். நெல்லையும் கல்வியையும் இரண்டு திணைக்களங்களாக அவர் காணவில்லை.

இத்தகைய பட்டம் ஆழமற்ற கல்வியாகிவிடும் என்று அஞ்சுவோருக்கு, முதன்மைத் துறைக்கு ஒதுக்கிய 48ஐச் சுட்டுவதோடு அமைகிறேன். ஆசிரியர் போதாது என்போருக்குச் சொல்லவேண்டியது சற்று அதிகம். நான்காண்டுப் பட்டத்தை முழுமையாக உருவாக்கி, மூதவையிலும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிலும் அனுமதி பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்பொழுதே நடைமுறையிலுள்ள சிறப்புப் பட்டங்களிலே, விருப்பத்துக்குரிய பாடமாக ஒரே ஒரு கூடற் பாடத்தை அடுத்த கல்வியாண்டிலே தொடங்கலாம். புவியியல் ஆசிரியர் ஒருவரும் பொருளியல் ஆசிரியர் ஒருவரும் போதும். சம்மாந்துறையிலிருந்து பௌதிகம் அறிந்த ஒருவர் வந்தால் மிக நன்று. மாணவர் இருபதின்மருக்கு மேல் வேண்டாம். கலை, பிரயோக விஞ்ஞானம் ஆகிய இரண்டு பீடங்களினதும் நேரசூசியிலே வாரத்தில் ஒரு பிற்பகலை வெறுமையாக விட்டுவைத்தால், பஸ் வசதியையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்யலாம். துறைமுக அணைக்கு வடக்கேயும் தெற்கேயும் சில குறிப்பிட்ட இடங்களிலே கம்பு நாட்டி, ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில், ஒரே கடல் மட்டத்திலே, கம்பிலிருந்து நீர் விளிம்பு வரையுள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறித்துவரட்டும். அதே நாளில், அக்கரையை நம்பி வாழும் வீடுகளிலே வரவையும் செலவையும் கேட்டு எழுதிவரட்டும். ஓராண்டு முடிவிலே இரண்டு குறிப்பேடுகளும் பக்கத்திற் பக்கம் இருக்கும். அவ்வளவுக்கும் செலவு நாடாவும் கம்பும் பஸ் கட்டணமுமே.

இதற்குத் தடையாக இருப்பது பணமன்று. விரிவுரைச் சுமையைக் கணக்கிடும் முறையே. இரண்டு ஆசிரியர்கள் ஒரு வகுப்பில் நின்றால், ஒவ்வொருவருக்கும் பாதி மணித்தியாலமே கணக்கில் வைக்கப்படுகிறது. முழு நேரமும் வகுப்பிலே இருந்து, முழு ஆயத்தமும் செய்து, பாதிக்கு மட்டும் மதிப்புப் பெறுவதற்கு எந்த இளம் விரிவுரையாளரும் முன்வரமாட்டார். பதவியுயர்வுக்குத் தம் துறை வெளியீடுகளையே எண்ணிக் காட்டவேண்டிய அவரிடம், தியாகம் செய்க என்று நாம் உபதேசிப்பது முறையாகாது. கூடற் பாடத்தில் நிற்கும் இருவருக்கும் முழு மணித்தியாலத்தையும் கணக்கில் வைப்பது என்று பீடச் சபைகள் இரண்டும் தீர்மானம் ஒன்று நிறைவேற்றுமாயின், அடுத்த அரையாண்டிலேயே அவ்வகுப்பு தொடங்கிவிடும். அத்தீர்மானத்தை முன்மொழியக்கூடியோர் இன்று இந்த மண்டபத்திலே இருக்கிறார்கள். அவர்களை நோக்கியே நான் இவ்வளவும் பேசினேன்.